ஒரு பாட்டு, முப்பது வீடுகள்: சிண்டி லாப்பரின் நாற்பதாண்டுகள்



2022 டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில், வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். அதிபர் ஜோ பைடன் ஒரு சட்டத்தில் கையெழுத்திடப் போகிறார். ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் ஒரு மாநிலத்தில் முறைப்படி மணம் செய்துகொண்டால், அந்தத் திருமணத்தை மற்ற மாநிலங்களும் கூட்டாட்சி அரசும் ஏற்றே ஆகவேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் சாரம். ஏழு ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் அந்தத் திருமணங்களுக்கு நாடு முழுவதும் வழி திறந்துவிட்டிருந்தது. ஆனால் 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமையை அதே நீதிமன்றம் பறித்தபோது, ஒரு நீதிபதி தம் தனிக் கருத்தில் திருமணத் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதினார். அந்த அச்சத்தில்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவசரமாக இந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. கையெழுத்து விழாவில் 69 வயதுப் பெண் ஒருவர் மேடையேறி, 1986இல் தாம் பதிவு செய்த பாட்டை மறுபடியும் பாடினார். பாட்டின் பெயர் 'ட்ரூ கலர்ஸ்'. பாடியவர் சிண்டி லாப்பர்.

சட்டம் கையெழுத்தாகும் இடத்தில் பாப் பாடகிக்கு என்ன வேலை? அழகுக்காக அழைத்திருப்பார்கள் என்று தோன்றலாம். அவரை அழைத்ததற்குக் காரணம் வேறு. நியூயார்க்கில் அவர் முயற்சியில் எழுந்த ஒரு கட்டடம் இருக்கிறது. செனட் குழுவின் முன் அவர் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. பல ஆண்டுகளாக அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசிய பேச்சு இருக்கிறது.

லாப்பரின் இசை வாழ்வை ஒரு கதையாகவும், சமத்துவத்துக்காக அவர் செய்ததை இன்னொரு கதையாகவும் பிரித்துச் சொல்வது வழக்கம். எனக்கு அவை ஒரே கதை. வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த ஒரு பெண், பேரும் பணமும் வந்த பிறகு, வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போன கதை. அதைத்தான் இன்று மாலை சொல்லப் போகிறேன்.

1953 ஜூன் 22 அன்று நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் பிறந்தவர் லாப்பர். வளர்ந்தது ஓசோன் பார்க் என்ற உழைப்பாளர் குடியிருப்பில். அம்மா சிசிலியிலிருந்து வந்த இத்தாலியக் குடும்பத்தின் வழிவந்தவர். உணவகத்தில் பரிமாறிப் பிள்ளைகளை வளர்த்தவர். சிண்டிக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே அப்பா பிரிந்து போய்விட்டார். அம்மாவிடம் பிராட்வே இசை நாடகங்களின் இசைத்தட்டுகள் இருந்தன. அந்தத் தட்டுகளைப் போட்டுக்கொண்டு, எல்லாப் பாத்திரங்களின் பாட்டையும் ஒருத்தியாகவே பாடிப் பழகியது அந்தக் குழந்தை. அறுபது வயதை நெருங்கும்போது அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பின்பு வந்த மாற்றாந்தந்தை கொடுமைக்காரர். 17 வயதில் சிண்டி வீட்டை விட்டுக் கிளம்பினார். அன்று கையில் எடுத்துக்கொண்டது என்ன என்பதைத் தம் நினைவு நூலின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். ஒரு காகிதப் பை. அதற்குள் பல் துலக்கும் பிரஷ், மாற்று உள்ளாடை, ஒரு ஆப்பிள், யோகோ ஓனோ எழுதிய 'கிரேப்ஃப்ரூட்' என்ற புத்தகம். அவ்வளவுதான். நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா ஏற்கெனவே வெளியேறித் தனியாக வாழ்ந்துகொண்டிருந்தார்.

அந்த அக்கா தன்பாலீர்ப்பு கொண்டவர். லாப்பரின் பிற்காலப் பணியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும் என்றுகூடச் சொல்வேன். வீட்டில் இருக்க முடியாமல் கிளம்பிய பெண்ணுக்கு முதலில் கதவைத் திறந்தவர் அவர். தன்பாலீர்ப்பாளர்களின் உரிமை பற்றி லாப்பர் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் வாழ்க்கை அது. ஏன் இவ்வளவு அக்கறை என்று பேட்டி காண்பவர்கள் கேட்கும்போதெல்லாம் அவர் அக்காவைத்தான் சொல்வார். தம் நண்பர்களைச் சொல்வார். குடும்பத்தில் ஒருவருடைய உரிமையைப் பறித்துவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக இருக்க முடியாது என்பதே அவருடைய வாதம் முழுவதும்.

எழுபதுகளில் மற்றவர்களின் பாட்டை மேடையில் பாடிக் கொடுக்கும் குழுக்களில் பாடிக்கொண்டிருந்தார். 1977இல் தொண்டை போய்விட்டது. குரல் நாண்களில் காயம். இனிப் பாட முடியாது என்றே மருத்துவர்கள் சொன்னார்கள். கேட்டி அக்ரெஸ்டா என்ற குரல் பயிற்சி ஆசிரியையிடம் போய், மூச்சு விடுவதிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொண்டார். குரலைச் சூடேற்றுவது, ஆற்றுவது, உடம்பைப் பேணுவது என்ற அந்தப் பயிற்சிதான் நாற்பதாண்டு மேடை வாழ்வுக்கு அடித்தளம். பாடகியின் ஆயுள் நீளம் திறமையால் மட்டும் வருவதில்லை, நண்பர்களே. காயம் பட்ட இடத்தை அறிந்து, அதைக் காத்துக்கொண்டே பாடத் தெரிய வேண்டும்.

அடுத்து 'புளூ ஏஞ்சல்' என்ற இசைக்குழு. 1980இல் ஒரே ஒரு தொகுப்பு வந்தது, விற்கவில்லை. குழு உடைந்தது. முன்னாள் மேலாளர் 80,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். லாப்பர் திவால் அறிவிப்புக் கொடுக்க நேர்ந்தது. பழைய துணிகளை விற்கும் கடையில் வேலை பார்த்தார். பின்னாளில் உலகமே நகலெடுத்த அந்த வண்ணப் பாவாடைகளும், அடுக்கடுக்கான வளையல்களும் அந்தக் கடை அலமாரிகளிலிருந்து வந்தவைதாம். வழக்கை விசாரித்த நீதிபதி, இந்தக் கேனரிப் பறவையைப் பாட விடுங்கள் என்ற பொருளில் சொல்லி அவரை விடுவித்ததாக அவரே நினைவுகூர்கிறார். 2023இல் வெளியான ஆவணப்படத்துக்கும் அந்தச் சொற்களே பெயராயின.

1983 அக்டோபரில் அவருடைய முதல் தனித் தொகுப்பான 'ஷி இஸ் ஸோ அன்யூஷுவல்' வெளிவந்தபோது லாப்பருக்கு முப்பது வயது. பாப் உலகில் அது தாமதமான வயது. பெண் ஒருவரின் முதல் தொகுப்பிலிருந்தே நான்கு பாட்டுகள் அமெரிக்கத் தரவரிசையின் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது அதுவே முதல் முறை. 'கேர்ள்ஸ் ஜஸ்ட் வான்ட் டு ஹாவ் ஃபன்' பாட்டை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதை எழுதியவர் ராபர்ட் ஹசார்ட் என்ற ஆண். முதலில் அது ஓர் ஆணின் பார்வையில் இருந்தது. லாப்பர் வரிகளை மாற்றினார். பெண்ணின் வாயில் வைத்தார். பாட்டு தலைகீழாக மாறி, பெண்களின் உரிமைப் பாட்டாகிவிட்டது. காணொளியில் எல்லா நிறப் பெண்களும் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அம்மா வேடத்தில் சொந்த அம்மாவையே நடிக்க வைத்தார். அப்பா வேடத்தில் மல்யுத்த உலகின் லூ அல்பானோ. அடுத்து, ராப் ஹைமனோடு சேர்ந்து எழுதிய 'டைம் ஆஃப்டர் டைம்' முதலிடம் பிடித்தது. அதை ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் தம் ட்ரம்பெட்டில் எடுத்து வாசித்தார். பாப் பாட்டுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்று நினைக்கிறேன். 1985இல் சிறந்த புதுமுகக் கலைஞருக்கான கிராமி விருது வந்தது.

இனி 1986க்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

1981 ஜூன் மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இளம் ஆண்கள் சிலரைத் தாக்கிய அபூர்வ நிமோனியா பற்றி அறிக்கை வெளியிட்டது. அதுதான் எய்ட்ஸ் பற்றிய முதல் பதிவு. அடுத்த ஐந்து ஆண்டுகளில் நியூயார்க்கின் தன்பாலீர்ப்பாளர் சமூகம் வாரந்தோறும் யாரையாவது புதைத்துக்கொண்டிருந்தது. அதிபர் ரீகன் அந்த நோயைப் பற்றித் தனி உரை நிகழ்த்த 1987 மே மாத இறுதி வரை ஆனது. 1986 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு அடியையும் கொடுத்தது. ஜார்ஜியா மாநிலத்தில் ஒருவர் தம் சொந்தப் படுக்கையறையில் இன்னோர் ஆணுடன் இருந்ததற்காகக் கைது செய்யப்பட்டிருந்தார். அந்தக் கைதுக்கு இடம் கொடுத்த மாநிலச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை நீதிமன்றமே ரத்துச் செய்ய 17 ஆண்டுகள் பிடித்தன.

'ட்ரூ கலர்ஸ்' அந்தக் கோடையில்தான் வந்தது. அதை எழுதியவர்கள் பில்லி ஸ்டைன்பெர்க், டாம் கெல்லி இருவரும். ஸ்டைன்பெர்க் முதலில் தம் தாயை எண்ணி எழுதத் தொடங்கிய பாட்டு அது. தன்பாலீர்ப்புக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர்கள் கொடுத்த மாதிரிப் பதிவு, பியானோவோடு தேவாலய இசைச் சாயலில் வழக்கமான உருக்கப் பாட்டாக இருந்தது. லாப்பர் அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

இந்த இடத்தை அடுத்த முறை காது கொடுத்துக் கேளுங்கள். தாளம் மிக மெல்லத் தட்டப்படுகிறது. வாத்தியங்கள் ஏறக்குறைய ஒதுங்கி நிற்கின்றன. லாப்பரின் குரல் நான்கு ஸ்தாயிகளுக்கு எகிறக்கூடிய பெருங்குரல். முந்தைய தொகுப்பில் அதை வாணவேடிக்கையாகவே காட்டியிருந்தார். இங்கே அந்தக் குரலைப் பாதியாகக் குறைத்து, கிட்டத்தட்டப் பேசுகிறார். மருத்துவமனைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒருவரிடம் மட்டும் பேசும் அளவுக்குத்தான் சத்தம். காரணமும் இருந்தது. அந்த நாட்களில் லாப்பரின் நெருங்கிய நண்பர் ஒருவர் எய்ட்ஸால் இறந்தார். அவரும் சிறுவயதில் வீட்டிலிருந்து துரத்தப்பட்டுத் தெருவில் வாழ்ந்தவர். அவருக்காக லாப்பர் 'பாய் புளூ' என்ற பாட்டை எழுதினார். அதன் வருவாயை எய்ட்ஸ் நிவாரணத்துக்குக் கொடுத்தார். தாமும் சேர்ந்து எழுதிய அந்தப் பாட்டு பெரிதாக ஓடவில்லை. வேறொருவர் எழுதிக் கொடுத்த 'ட்ரூ கலர்ஸ்' அக்டோபரில் முதலிடத்துக்குப் போனது. துக்கம் இரண்டிலும் ஒன்றுதான். இரண்டாவது பாட்டில் இறந்தவரின் பெயரோ கதையோ இல்லை. அதனால் ஒவ்வொருவரும் தம் பெயரை அங்கே வைத்துக்கொள்ள முடிந்தது.

வைத்துக்கொண்டார்கள். கடிதங்கள் வரத் தொடங்கின. வீட்டில் தெரிந்துவிட்டது, வெளியே அனுப்பிவிட்டார்கள், செத்துவிடலாம் என்றிருந்தேன், இந்தப் பாட்டைக் கேட்டேன் என்று எழுதியவர்கள் பலர். 1978இலேயே கில்பர்ட் பேக்கர் சான் பிரான்சிஸ்கோவில் வானவில் கொடியைத் தைத்திருந்தார். வண்ணங்களைப் பற்றிய பாட்டு அந்தக் கொடியின் கீழ் போய் நின்றதில் வியப்பில்லை. சமூகம் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு விற்பனை இறங்கியது. 1988இல் நடித்த 'வைப்ஸ்' படம் தோற்றது. தொண்ணூறுகளின் தொகுப்புகளை விமர்சகர்கள் பாராட்டினார்கள், கடைகளில் அவை நகரவில்லை. தம் சுற்றுப்பயணத்தில் தாமே தலைவியாக இருந்தவர், 1997இல் பாடகி டினா டர்னருக்கும் பிறகு பாடகி ஷேருக்கும் முன்னால் பாடும் இடத்தை ஏற்றுக்கொண்டார். இதைச் சரிவு என்றுதான் இசைப் பத்திரிகைகள் எழுதின. நான் அப்படிப் பார்க்கவில்லை. மேடை எந்த அளவு என்று பார்க்காமல் ஏறியதால்தான் அவரால் தொடர்ந்து பாட முடிந்தது. அந்த ஆண்டுகளில் அவரைக் கைவிடாத ரசிகர்கள் யார் தெரியுமா? தன்பாலீர்ப்பாளர்களின் நடன விடுதிகளில் இருந்தவர்கள். 1994இல் 'கேர்ள்ஸ்' பாட்டைப் புதிய தாளத்தில் மறுபடி பதிவு செய்தபோது, காணொளி முழுக்கப் பெண் வேடமிட்டு ஆடும் டிராக் கலைஞர்களைத் தம்மோடு ஆட வைத்தார். பாட்டு பிரிட்டனில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. அடுத்த தொகுப்பில் டிராக் கலைஞர் ஒருவரைப் பற்றியே பாட்டு எழுதினார். 1998இல் வயோமிங் மாநிலத்தில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவர், தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அவர் நினைவாகவும் ஒரு பாட்டு எழுதினார்.

பாட்டோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2007இல் அவர் வேறொன்றைத் தொடங்கினார். 'ட்ரூ கலர்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு சுற்றுப்பயணம். எரேஷர் இசைக்குழு, பாடகி டெபி ஹாரி, நகைச்சுவைக் கலைஞர் மார்கரெட் சோ என்று பலரும் சேர்ந்து நகரம் நகரமாகப் போனார்கள். விற்ற ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு டாலர் உரிமை அமைப்புக்குப் போனது. ஒரு டாலர் சிறிய தொகை. ஆனால் அரங்கின் வாசலில் மேசை போட்டு, ரசிகர்களிடம் வெறுப்புக் குற்றச் சட்டத்தைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள். மேத்யூ ஷெப்பர்ட் பெயரையும், டெக்சாஸில் நிறவெறியர்களால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவரான ஜேம்ஸ் பேர்டின் பெயரையும் தாங்கிய அந்தச் சட்டத்தில் 2009 அக்டோபர் 28 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார்.

2008இல் லாப்பர் தம் மேலாளர் லிசா பார்பாரிஸ் உள்ளிட்டோருடன் சேர்ந்து 'ட்ரூ கலர்ஸ் ஃபண்ட்' தொடங்கினார். இன்று அதன் பெயர் 'ட்ரூ கலர்ஸ் யுனைடெட்'. 2010இல் தொடங்கிய 'கிவ் எ டேம்' இயக்கம், தன்பாலீர்ப்பாளர் அல்லாதவர்களை நோக்கிப் பேசியது. அவர்கள் உரிமை உங்கள் பொறுப்பும்தான் என்றது. சிறிது சிறிதாக அந்த அமைப்பு தன் கவனத்தை ஒரே பிரச்சினையின் மீது குவித்தது: வீடற்ற பிள்ளைகள்.

அவரைப் பற்றி நான் மதிக்கும் முதல் விஷயம் இந்தத் தேர்வுதான். திருமண உரிமை அன்று தலைப்புச் செய்தி. பணமும் பிரபலங்களும் அங்கே இருந்தார்கள். தெருவில் தூங்கும் பதினேழு வயதுத் திருநங்கையைப் பற்றிப் பேச ஆளில்லை.

2012இல் அவருடைய அமைப்பும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம்ஸ் ஆய்வு நிறுவனமும் இன்னோர் அமைப்போடு சேர்ந்து, வீடற்ற இளைஞர்களுக்குச் சேவை செய்யும் நிலையங்களிடம் ஓர் ஆய்வு நடத்தின. உதவி தேடி வருபவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பால்புதுமையினர், அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர், என்று தெரிந்தது. மொத்த இளைஞர்களில் அவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு என்பது அன்றைய கணிப்பு. முதன்மைக் காரணம் வறுமை இல்லை, குடும்பம் ஏற்க மறுத்ததுதான். பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்கிறது, அல்லது கைபேசியில் யாரோ பார்த்துவிடுகிறார்கள். அன்றிரவே வெளியே போ என்கிறார்கள். இல்லை, வீட்டில் இருக்க முடியாதபடி செய்கிறார்கள். இரண்டு நாள் நண்பன் வீட்டுச் சோபா. பிறகு ரயில் நிலையம். பிறகு இரவு தங்க இடம் கொடுப்பவர் கேட்கும் விலை.

அரசு விடுதிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கேதான் இரண்டாவது சிக்கல். விடுதிகள் ஆண், பெண் என்று பிரிக்கப்பட்டவை. பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத் திருநங்கையை ஆண்கள் பகுதியில் படுக்கச் சொன்னால், அவள் அந்தக் கட்டிலைவிடப் பூங்கா பெஞ்சே மேல் என்று போய்விடுவாள். சமயப் பின்னணியுள்ள சில விடுதிகளில் உபதேசம் முதலில், உணவு பிறகு. ஆகவே லாப்பரின் அமைப்பு விடுதிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. படிவத்தில் என்ன கேட்பது, எந்தப் பெயரால் அழைப்பது, குளியலறையை எப்படி ஒதுக்குவது என்று மிகச் சாதாரணமான விஷயங்கள். மேடையில் கைதட்டு வாங்கித் தராத வேலை. அதைத்தான் ஆண்டுக்கணக்கில் செய்தார்கள்.

2011இல் நியூயார்க்கின் மேற்கு ஹார்லெமில், 154ஆம் தெருவில் 'ட்ரூ கலர்ஸ் ரெசிடென்ஸ்' திறக்கப்பட்டது. 18 முதல் 24 வயது வரையிலான பால்புதுமையினருக்கு நிரந்தர வாடகை வீடுகள். மொத்தம் முப்பது. ஒவ்வொன்றும் ஓர் அறைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையல் இடம், தனிக் குளியலறை. பொதுவில் நூலகமும் கணினி அறையும். வாடகை வருமானத்துக்கு ஏற்ப; வேலை தேடவும் படிக்கவும் துணைக்கு ஆட்கள். கூடத்தில் வரிசையாகக் கட்டில் போட்டிருந்தால் முப்பது பேருக்குப் பதில் நூறு பேரைத் தங்க வைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. துரத்தப்பட்ட பிள்ளைக்குத் தன் கையால் உள்ளிருந்து தாழிடக்கூடிய ஒரு கதவு வேண்டும். காகிதப் பையோடு கிளம்பியவர்களுக்குத்தான் அது தெரியும்.

2015 ஏப்ரலில் லாப்பர் செனட்டின் துணைக்குழு முன் சாட்சி சொன்னார். வீடற்ற இளைஞர்களுக்கான சட்டத்தில், பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் காரணம் காட்டி யாரையும் விடுதிகள் ஒதுக்கக் கூடாது என்ற விதியைச் சேர்க்கும் முயற்சி அந்த மாதம்தான் செனட்டில் தோற்றிருந்தது. பெரும்பான்மை ஆதரவு இருந்தும் தேவையான 60 வாக்குகள் கிடைக்கவில்லை. தோற்ற பிறகும் போய் உட்கார்ந்து பேசினார்.

அடுத்த ஆண்டு நடந்தது ஒன்று. 2016 மார்ச்சில் வடக்கு கரோலினா மாநிலம், அரசுக் கட்டடங்களில் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படிதான் கழிவறையைப் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் போட்டது. திருநர் மக்களை நேராகக் குத்திய சட்டம். ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அங்கே நடக்கவிருந்த கச்சேரியை ரத்துச் செய்தார். பேர்ல் ஜாம் குழுவும் ரத்துச் செய்தது. அவர்கள் செய்தது சரியே. மாநிலத்துக்குப் பண இழப்பு உறைத்தது. ஜூனில் ராலே நகரில் லாப்பரின் கச்சேரி இருந்தது. அவர் ரத்துச் செய்யவில்லை. போய்ப் பாடினார், லாபம் முழுவதையும் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடிய மாநில உரிமை அமைப்புக்குக் கொடுத்தார். எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது. ராலேயில் வாழும் திருநங்கை அந்த ஊரை ரத்துச் செய்துவிட்டுப் போக முடியாது. அவளுக்காகப் பாடுகிறவர் அவள் இருக்கும் ஊருக்கு வந்து பாடினால், அந்த ஓர் இரவாவது அரங்கம் அவளுடையதாகிறது. முன்பும் இப்படித்தான் செய்திருந்தார். 2011 மார்ச்சில் ஜப்பானில் பெரும் நிலநடுக்கம் வந்த அன்று லாப்பர் டோக்கியோவில் வந்து இறங்கினார். வெளிநாட்டுக் கலைஞர்கள் பலர் வராமல் நின்றபோது, அவர் தங்கி, கச்சேரிகளை நடத்திவிட்டே திரும்பினார். விட்டுவிட்டுப் போவது அவருடைய இயல்பிலேயே இல்லை.

அம்மாவின் இசைத்தட்டுகளைப் பற்றிச் சொன்னேன். 'கின்கி பூட்ஸ்' என்ற இசை நாடகத்துக்கு முழு இசையையும் பாடல்களையும் எழுதும் வாய்ப்பு லாப்பருக்கு வந்தது. கதை வசனம் ஹார்வி ஃபியர்ஸ்டீன். 2013 ஏப்ரல் 4 அன்று பிராட்வேயில் தொடங்கியது. இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் நொடித்துப்போன காலணித் தொழிற்சாலை. அப்பாவிடமிருந்து அதைப் பெற்ற மகன் சார்லி. அவன் லோலா என்ற டிராக் கலைஞரைச் சந்திக்கிறான். பெண்களுக்காகச் செய்த உயர்குதிப் பூட்ஸ் ஆணின் எடை தாங்காமல் உடைகிறது. ஆணின் எடையைத் தாங்கும் குதியைச் செய்தால் தொழிற்சாலை பிழைக்கும். கதையின் விதை உண்மையானது. நார்தாம்ப்டன்ஷயரில் ஒரு தொழிற்சாலை அப்படித்தான் பிழைக்கப் பார்த்தது.

நாடகம் ஆறு டோனி விருதுகளை வென்றது. இசைக்கான விருதை இன்னொருவருடன் பகிராமல் தனியாக வென்ற முதல் பெண் லாப்பர். லோலாவாக நடித்த பில்லி போர்ட்டருக்கும் விருது. பிராட்வேயில் 2,505 காட்சிகள் ஓடியது. தோல்பட்டறைத் தொழிலாளியும் டிராக் கலைஞரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு குதியைப் பற்றி யோசிப்பதை ஆறு ஆண்டுகள், இரவுக்கு இரவு, குடும்பத்தோடு வந்தவர்கள் பார்த்தார்கள். சட்டத்தால் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான்.

பிரபலங்களின் ஆதரவு வியாபாரம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஜூன் மாதம் வந்தால் நிறுவனங்கள் வானவில் பூசிக்கொண்டு ஜூலையில் கழுவிவிடுவதைப் பார்க்கிறோம். லாப்பருக்கும் அந்தச் சமூகத்தின் அன்பால் மேடைகள் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் 1986இல் எய்ட்ஸால் இறந்த நண்பருக்காகப் பாடியது எந்தக் கணக்கிலும் லாபம் தரும் காரியம் இல்லை. அன்று நோயாளியின் கையைத் தொடவே பயந்தார்கள். வந்த அன்பை அவர் முப்பது வீடுகளாகவும், பயிற்சிகளாகவும், சாட்சியமாகவும் திருப்பிக் கொடுத்தார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் நான் குறை காணவில்லை.

2024 அக்டோபரில் மான்ட்ரியாலில் விடைபெறும் சுற்றுப்பயணம் தொடங்கி, 2025 ஆகஸ்டு இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஹாலிவுட் பவுலில் முடிந்தது. நவம்பரில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. தகுதி வந்து பல ஆண்டுகள் கழித்து வந்த கௌரவம். தாமதத்துக்கு நியாயமே இல்லை என்பது என் எண்ணம். அந்த மேடையில் அவரை அறிமுகம் செய்து பேசியவர் சாப்பெல் ரோன். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே தரவரிசையின் உச்சிக்கு வந்த இருபதுகளில் இருக்கும் பாடகி. 1986இல் யாருக்கும் கிடைக்காத வாழ்க்கை அது. அந்த மாதத்திலேயே லாப்பர் இசையமைத்த அடுத்த நாடகமான 'வொர்க்கிங் கேர்ள்' கலிபோர்னியாவின் லா ஹோயாவில் நடந்துகொண்டிருந்தது. ஊர் ஊராகப் போவதைத்தான் நிறுத்தியிருக்கிறார்.

இங்கிருந்து போய்க் கேட்க விரும்புபவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'பாய் புளூ', அதன் பிறகு 'ட்ரூ கலர்ஸ்'. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நான் சொன்ன துக்கம் புரியும். அடுத்து 1983இன் 'கேர்ள்ஸ்', பிறகு 1994இன் 'கேர்ள்ஸ்'. காணொளிகளையும் பாருங்கள், யார் யார் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். கடைசியாக 'கின்கி பூட்ஸ்' நாடகத்தில் லோலாவும் சார்லியும் சேர்ந்து, தந்தையர் எதிர்பார்த்த மகன்களாகத் தாங்கள் ஆகவில்லை என்று பாடும் பாட்டு. குத்துச்சண்டை வீரனாக்கப் பார்த்த அப்பாவின் மகன் ஒருவன், தொழிற்சாலையைத் தலையில் கட்டிவிட்டுப் போன அப்பாவின் மகன் இன்னொருவன். பிள்ளைகள் இருப்பவர்கள் அதைக் கட்டாயம் கேளுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.